எந்த எண்ணை நம்புவது? ரீசார்ஜ் செல், ஸ்மார்ட் சார்ஜர்: வாசகர் கேள்வி–பதில்

டபுள் ஏ, ட்ரிபிள் ஏ ரீசார்ஜ் செல்களையும் அவற்றைச் சோதிக்கும் ஸ்மார்ட் சார்ஜரையும் பற்றிக் கொங்குப் பகுதி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். தனியாகச் சொல்லாத இடங்களிலெல்லாம் ‘செல்’ என்றால் 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்தான். எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) என்பது செல்லின் கொள்ளளவைச் சொல்லும் எண். லித்தியம் வேறு ரகம். அதைப் பற்றிய கேள்விகள் பின்னால் வருகின்றன.

கேள்வி: புதுசா ஸ்மார்ட் சார்ஜர் வாங்கியிருக்கிறேனுங்க. 2000 எம்ஏஎச் என்று போட்ட செல்லைச் சார்ஜ் போட்டால் திரையில் 2380 வருகிறது. அதே செல்லை டெஸ்டில் போட்டால் 1810 தான். எது சரிங்க?
– வாசகர், பெருந்துறை

பதில்: 1810 தான் சரி. 2380 என்பது சார்ஜர் செல்லுக்குள் அனுப்பிய கரண்டின் கணக்கு. அனுப்பியது முழுவதும் செல்லில் தங்குவதில்லை. கடைசிக் கட்டத்தில் பெரும்பகுதி சூடாகப் போய்விடும். அதனால் சார்ஜ் எண் எப்போதும் செல்லின் உண்மைக் கொள்ளளவைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஓய்ந்துபோன செல்லில் அந்த எண் இன்னும் பெரிதாக வந்து, செல் நன்றாக இருப்பதாக நம்ப வைத்துவிடும். செல் வெளியே கொடுத்த கரண்டை அளந்த எண், அதாவது டிஸ்சார்ஜ் எண், ஒன்றுதான் கணக்கு.

டெஸ்ட் முறையில் சார்ஜர் மூன்று வேலைகளை வரிசையாகச் செய்கிறது: முதலில் முழுக்கச் சார்ஜ், பிறகு 0.9 வோல்ட் வரை இறக்கி அளப்பது, மறுபடியும் முழுச் சார்ஜ். டபுள் ஏ செல்லுக்கு 1000 மில்லி ஆம்பியரில் சார்ஜ், 500-இல் டிஸ்சார்ஜ் என்று வையுங்கள். சில சார்ஜரில் சார்ஜ் கரண்டை மட்டும்தான் தேர்ந்தெடுக்க முடியும். டிஸ்சார்ஜ் அதில் பாதியாகத் தானே அமையும். 2000 எம்ஏஎச் செல்லை 500 மில்லி ஆம்பியரில் இறக்க 4 மணி நேரம். முன்னும் பின்னும் சார்ஜுக்கு இரண்டேகால், இரண்டரை மணி நேரம். இடையில் ஆற விடும் நேரத்தையும் சேர்த்தால் 9 அல்லது 10 மணி நேரம் ஆகிவிடும். நடுவில் கரண்ட் போய் வந்தால் பெரும்பாலான சார்ஜர் டெஸ்டை முதலிலிருந்து தொடங்கும், அல்லது வெறும் சார்ஜுக்குத் தாவிவிடும். இன்வெர்ட்டர் லைனில் உள்ள பிளக்கில் போடுவதே நல்லது. செல்லைக் குழியிலிருந்து எடுத்த கணமே எண் அழிந்துவிடும். எடுக்கும் முன் குறித்துக்கொள்ளுங்கள்.

லேபிளில் இருக்கும் எண் பொதுவாகக் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு கரண்டில் (2000 எம்ஏஎச் செல்லுக்கு 400 மில்லி ஆம்பியர்), 20 டிகிரியையொட்டிய சூட்டில் அளந்தது. உங்கள் வீட்டுச் சூடும் சார்ஜரின் துல்லியமும் வேறு என்பதால் 5 சதவீதம் முன்பின் வரும். புது செல் முதல் முறை குறைவாகக் காட்டி, நான்கைந்து முறை ஏறி இறங்கிய பிறகு கூடுவதும் சகஜம். 1810 என்பது லேபிளில் 90 சதவீதம். கவலைப்பட ஒன்றுமில்லை.

நாங்கள் வைத்திருக்கும் வரம்பு இது. லேபிளில் 80 சதவீதத்துக்கு மேல் வந்தால் ஃபிளாஷ், டார்ச், பொம்மை என்று எதற்கும் போடலாம். 60-க்கும் 80-க்கும் இடையே என்றால் ரிமோட், மவுஸ் போன்ற சின்ன வேலைக்கு. 60-க்குக் கீழே போனால், ரெஃப்ரெஷ் (சார்ஜும் டிஸ்சார்ஜுமாகத் திரும்பத் திரும்ப ஓட்டும் முறை) போட்டுப் பார்த்தும் ஏறாவிட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறேன். ஃபிளாஷுக்கு நான்கு நான்காக மூன்று செட் செல். அதில் ஒரு செட் போட்டால் ஃபிளாஷ் தயாராக ரொம்ப நேரம் பிடிக்கிறது. தாலி கட்டும் நேரத்தில் அடிக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் டெஸ்டில் நான்குமே 1850-க்கு மேல் காட்டுகின்றன. அப்புறம் என்ன கோளாறு?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கொள்ளளவு இருக்கிறது, கொடுக்கும் வேகம் இல்லை. செல்லின் உள் எதிர்ப்பு, கடையில் பேசும் வழக்கில் ‘ஐஆர்’, ஏறியிருக்கிறது. சார்ஜர் 500 மில்லி ஆம்பியரில் நிதானமாக இறக்கும்போது அந்தக் குறை வெளியே தெரியாது. ஃபிளாஷ் ஒவ்வொரு முறை அடித்ததும் கெப்பாசிட்டரை நிரப்பப் பல ஆம்பியரை ஒரே மூச்சில் இழுக்கும். அப்போது உள் எதிர்ப்பு உயர்ந்த செல்லின் வோல்டேஜ் சரிந்துவிடும்.

சில சார்ஜர்கள் மில்லி ஓமில் இதைக் காட்டும். ஆனால் செல்லுக்கும் சார்ஜரின் தகட்டுக்கும் இடையே உள்ள தொடர்பும் அந்த எண்ணில் கலந்துவிடுகிறது. ஒரே செல்லை எடுத்து, சுழற்றி, மறுபடி வைத்தாலே எண் மாறும். மூன்று முறை வைத்து, வந்ததில் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐஆர் காட்டாத சார்ஜர் என்றால் மல்டிமீட்டரும் ஒரு ரெசிஸ்டரும் போதும். எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் 2.2 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் கேளுங்கள். சில ரூபாய்க்கே கிடைக்கும். முழுக்கச் சார்ஜ் ஏறிய செல்லை ஒரு மணி நேரம் ஆற விடுங்கள். மீட்டர் முனைகளை நேராகச் செல்லின் இரு முனையிலும் வைத்து வோல்டேஜைக் குறியுங்கள். பிறகு ரெசிஸ்டரைச் செல்லுக்குக் குறுக்கே இணைத்து, 10 விநாடி கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் முனை ரெசிஸ்டரின் கம்பியில் படக்கூடாது, செல்லின் உலோகத்திலேயே இருக்க வேண்டும்.

முதலில் 1.32, ரெசிஸ்டர் போட்டதும் 1.28 என்றால் இறக்கம் 0.04 வோல்ட். அப்போது ஓடும் கரண்ட் 1.28-ஐ 2.2-ஆல் வகுத்தால் வரும் 0.58 ஆம்பியர். 0.04-ஐ 0.58-ஆல் வகுத்தால் சுமார் 0.07 ஓம், அதாவது 70 மில்லி ஓம். இந்த வீட்டு முறையில் இது நல்ல செல். அதே 1.32, ரெசிஸ்டர் போட்டதும் 1.02-க்கு விழுந்தால் உள் எதிர்ப்பு 600 மில்லி ஓமைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஃபிளாஷுக்கு அது ஆகாது. ரிமோட்டுக்கு இன்னும் சில வருடம் உழைக்கும்.

உங்கள் செட்டில் நான்குமே கெட்டிருக்க வேண்டியதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்த நான்கில் ஒன்று கெட்டாலே மொத்தமும் மெதுவாகிவிடும். ஒவ்வொன்றாக அளந்து அந்த ஒன்றைப் பிடியுங்கள். அதற்கு முன் செல்லின் இரு முனைகளையும் ஃபிளாஷின் உள்தகடுகளையும் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். விரல் எண்ணெயும் வியர்வையும் படிந்தே பாதிக் கோளாறு வருவதுண்டு.

2500 எம்ஏஎச் ரகம் வாங்கலாமா என்று யோசித்தால் ஒரு தகவல். பானசோனிக் எனலூப்பில் சாதாரண ரகம் 2100 முறை சார்ஜ் தாங்கும் என்றும், கூடுதல் கொள்ளளவுள்ள புரோ ரகம் 500 முறை என்றும் நிறுவனமே குறிப்பிடுகிறது. ஒரே அளவுக் கூட்டுக்குள் கூடுதல் சரக்கைத் திணிப்பதற்குக் கொடுக்கும் விலை அது. ஒரு முகூர்த்தத்துக்கு இரண்டு செட் மாற்றிக்கொள்ளத் தயங்காதவருக்கு 2000 ரகமே நீண்ட நாள் உழைக்கும்.

கேள்வி: பையனின் ரிமோட் காருக்கு நான்கு செல். மூன்று நன்றாக இருக்கிறது, ஒன்று மட்டும் அடிக்கடி செத்துப் போகிறது. புதுசு வாங்கி அந்த ஒன்றை மாற்றினாலும் சில மாதத்தில் இன்னொன்று போய்விடுகிறது. ஏனுங்க இப்படி?
– வாசகி, வெள்ளகோவில்

பதில்: நான்கும் சமமில்லாததுதான் காரணம். தொடரில் எல்லா செல்லிலும் ஒரே கரண்ட்தான் ஓடும். நான்கில் கொள்ளளவு குறைந்தது முதலில் காலியாகும். கார் அப்போதும் நிற்காது. மற்ற மூன்றும் தள்ளிக்கொண்டே இருக்கும். காலியான செல்லுக்குள் கரண்ட் திணிக்கப்பட்டு அது தலைகீழாகத் திரும்பிவிடும். பிளஸ் முனையில் மைனஸ் வோல்டேஜ் வரும். உள்ளே வாயு உண்டாகி அழுத்தம் ஏறி, பாதுகாப்பு வால்வு வழியே ஈரம் வெளியேறும். இப்படி ஓரிரு முறை நடந்தாலே அந்த செல்லின் ஆயுள் பாதியாகிவிடும். ஒன்றை மட்டும் புதுசாக மாற்றும்போது பழைய மூன்றில் பலவீனமானதுக்கு அடுத்த முறை வந்துவிடுகிறது.

ஆகவே டெஸ்ட் எண்ணைப் பார்த்து ஜோடி சேருங்கள். நடை ஒத்த காளைகளை வண்டியில் பூட்டுவது போலத்தான் இதுவும். நான்கு செல்லுக்கும் இடையே 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. 1920, 1900, 1880, 1890 ஒரு செட் ஆகும். அதில் 1650 ஒன்று சேர்ந்தால் ஆகாது. ஒரே பாக்கெட்டில் வாங்கியவற்றை ஒரே செட்டாக, சார்ஜும் ஒன்றாக, பயனும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். பெர்மனென்ட் மார்க்கரால் செல்லின் மேலுறையில் ‘அ1, அ2, அ3, அ4’ என்றும் வாங்கிய மாதத்தையும் எழுதுங்கள். காகித ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். டார்ச்சின் குழாயில் சிக்கிக்கொள்ளும்.

கார் வேகம் குறைந்ததும் விளையாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். ‘இன்னும் கொஞ்சம் ஓடுதே’ என்று உருட்டும் அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் செல் தலைகீழாகிறது.

கேள்வி: இரண்டு வருசமா மேஜையில் கிடந்த செல். சார்ஜரில் வைத்தால் ‘நல்’ (ஆங்கிலத்தில் null, செல் இல்லை என்று பொருள்) என்று வருகிறது, சார்ஜே ஏறமாட்டேன் என்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?
– வாசகர், பல்லடம்

பதில்: உடனே வேண்டாம். செல்லின் வோல்டேஜ் ரொம்ப இறங்கியிருந்தால் ஸ்மார்ட் சார்ஜர் அங்கே செல் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளாது. முதலில் மல்டிமீட்டரில் பாருங்கள். மேலுறை கிழிந்திருந்தாலோ, முனையில் கசிவு இருந்தாலோ, மைனஸ் வோல்டேஜ் காட்டினாலோ அதோடு விட்டுவிடுங்கள். பூஜ்யத்துக்கும் 0.8-க்கும் இடையே இருந்தால் எழுப்பிப் பார்க்கலாம்.

பாதுகாப்பான வழி, வீட்டில் பழைய சாதாரண சார்ஜர் கிடந்தால் அதில் 5 முதல் 10 நிமிடம் வைப்பது. அது எதையும் பார்க்காமல் கரண்ட் அனுப்பும்; இங்கே நமக்கு வேண்டியது அதுதான். பக்கத்திலேயே இருந்து, தொட்டுப் பார்த்து, சூடு ஏறினால் எடுத்துவிடுங்கள். 1 வோல்ட்டைத் தாண்டியதும் ஸ்மார்ட் சார்ஜருக்கு மாற்றி 200 மில்லி ஆம்பியரில் தொடங்குங்கள். அந்தச் சார்ஜர் இல்லாவிட்டால் சார்ஜ் உள்ள இன்னொரு நிக்கல் செல்லின் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் கம்பியால் சேர்த்து 5 விநாடி மட்டும் தொட வைத்தாலும் வோல்டேஜ் எழும்பும். முனையை மாற்றித் தொட்டால் கம்பியே பழுக்கும், கவனம். லித்தியம் செல்லில் இந்த வேலையை ஒருபோதும் செய்யக்கூடாது.

எழுந்த செல்லுக்குப் பிரேக்-இன் முறை பொருத்தம். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்டில் 16 மணி நேரம் சார்ஜ், ஒரு மணி நேரம் ஓய்வு, ஐந்தில் ஒரு பங்கு கரண்டில் டிஸ்சார்ஜ், மறுபடி ஓய்வு, மறுபடி 16 மணி நேரம் சார்ஜ். சார்ஜரில் செல்லின் கொள்ளளவை 2000 எம்ஏஎச் என்று சரியாகக் கொடுத்தால் மொத்தம் 39 மணி நேரத்தையொட்டி ஓடும். இது ஐஈசி 61951-2 என்ற சர்வதேசத் தரத்தில் கொள்ளளவை அளக்கச் சொல்லியிருக்கும் முறையை ஒட்டியது. 

எண் நன்றாக வந்தாலும் நம்பிவிட வேண்டாம். முழுச் சார்ஜோடு ஒரு வாரம் சும்மா வையுங்கள். பிறகு மீட்டரில் 1.2-க்குக் கீழே இருந்தால் உள்ளேயே கசிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதை எந்த முறையும் சரிசெய்யாது.

கேள்வி: ‘மெமரி’ ஆகிவிடும் என்று சொல்லி வாரம் ஒரு முறை ரெஃப்ரெஷ் போடச் சொல்கிறார்கள். போடணுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: போடக்கூடாது. ரெஃப்ரெஷ் என்பது எண் ஏறுவது நிற்கும் வரை சார்ஜும் டிஸ்சார்ஜுமாகத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. ஒவ்வொரு சுற்றும் செல்லின் ஆயுளில் ஒன்றைக் கழிக்கும். மெமரி பயம், அதாவது முழுக்க இறக்காமல் சார்ஜ் போட்டால் கொள்ளளவு குறைந்துவிடும் என்ற பயம், பழைய நிக்கல் காட்மியம் காலத்தது. இன்றைய செல்லில், பாதி பாதியாகவே பயன்படுத்திச் சார்ஜ் போட்டு வந்தால் வோல்டேஜ் கொஞ்சம் தாழ்ந்து நிற்கும் பழக்கம் வரும். இரண்டு மூன்று முழு டிஸ்சார்ஜில் அது சரியாகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு டெஸ்ட், அதில் எண் முன்பைவிட 10, 15 சதவீதம் குறைந்திருந்தால் மட்டும் ரெஃப்ரெஷ். அன்றாடத்துக்கு வெறும் சார்ஜ் போதும்.

ஒரு செல் எவ்வளவு நாள் சார்ஜைத் தக்கவைக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் டெஸ்ட் போடக் கூடாது. அது முதலில் சார்ஜ் ஏற்றிவிடும். ஒரு மாதம் வைத்த செல்லை டிஸ்சார்ஜ் முறையில் போட்டால்தான் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். சீக்கிரம் இறங்காத ரகம் என்றால் 90 சதவீதத்தையொட்டி மிச்சம் இருக்க வேண்டும். அந்த ரகம் 2005-இல் சான்யோ எனலூப்பை விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்துதான் வீடுகளுக்கு வந்தது. அதற்கு முந்தைய சாதாரண செல் ஒரே மாதத்தில் கால் பங்கை இழந்துவிடும்.

கேள்வி: எங்க ஊரில் சித்திரை வைகாசி வந்தால் வீட்டுக்குள்ளேயே அனல். சார்ஜ் முடியும்போது செல்லைக் கையில் பிடிக்க முடியவில்லை. கரண்டைக் குறைத்து 200-இல் போட்டால் நல்லதுதானுங்களே?
– வாசகர், கரூர்

பதில்: இது பலரும் செய்வது. செல் நிறைந்ததைச் சார்ஜர் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் ஆபத்து அதில் இருக்கிறது.

செல் நிறையும்போது பாசிட்டிவ் தகட்டில் ஆக்சிஜன் உண்டாகி, நெகட்டிவ் தகட்டில் மறுபடி சேர்கிறது. அந்தச் சேர்க்கை வெப்பம் தரும். நிறைந்த பிறகு அனுப்பும் கரண்ட் முழுவதும் சூடுதான். சூடு ஏறும்போது வோல்டேஜ் உச்சியிலிருந்து துளி இறங்கும். ஒரு செல்லுக்கு 5 முதல் 10 மில்லி வோல்ட், அவ்வளவே. ஸ்மார்ட் சார்ஜர் காத்திருப்பது அந்த இறக்கத்துக்குத்தான். கரண்ட் குறைவாக இருந்தால் சூடும் மெல்ல ஏறும், இறக்கமும் தெளிவாக வராது. சார்ஜர் நிறுத்தாமல் மணிக்கணக்கில் ஓட்டிக்கொண்டே இருக்கும். கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனாலே இந்தச் சிக்கல் தொடங்கிவிடும். பழைய செல்லில் இன்னும் மோசம்.

டபுள் ஏ-வுக்கு 1000, ட்ரிபிள் ஏ-வுக்கு 400 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். கரண்டைக் குறைப்பதற்குப் பதில் சூட்டைக் குறையுங்கள். 45 டிகிரிக்கு மேல் செல் சார்ஜை ஏற்பதே குறைந்துவிடும். ஏறாத கரண்ட் மறுபடி சூடாகும். கரூரில் மதியம் வெளியே 40 டிகிரி என்றால் சார்ஜர் தொடங்குவதே அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல், அல்லது விடியற்காலை போடுங்கள். மெத்தை, பிளாஸ்டிக் விரிப்பு, அலமாரிக்குள் வேண்டாம். சிமெண்ட் தரை அல்லது கல் மேடை மேல், அடியில் காற்றோடும்படி இரண்டு பென்சிலைக் குறுக்கே வைத்து அதன் மேல் சார்ஜரை வையுங்கள். பக்கத்தில் டேபிள் ஃபேன். நான்கு குழியில் நான்கையும் அடைக்காமல் 1-லும் 4-லும் மட்டும் போட்டால் நடுவில் காற்று போகும். இந்த ஒரு மாற்றமே கையில் தெரியும்.

வெதுவெதுப்பு சரி. ஐந்து விநாடி விரலில் பிடிக்க முடியாத சூடு என்றால் எடுத்துவிடுங்கள். நான்கில் ஒன்று மட்டும் அப்படிச் சுட்டால் கோளாறு சார்ஜரில் இல்லை, அந்த செல்லில்.

இதற்கு நேரெதிரான கோளாறும் உண்டு. வெகுநாள் கிடந்த செல் முதல் பத்து நிமிடத்திலேயே ‘ஃபுல்’ என்று காட்டும். தொடக்கத்தில் வோல்டேஜ் தடுமாறுவதைச் சார்ஜர் இறக்கம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. எடுத்து, மறுபடி வைத்தால் தொடரும். உள் எதிர்ப்பு ஏறிய செல்லும் சீக்கிரம் ‘ஃபுல்’ காட்டும். சில சார்ஜர்கள் 1.47 வோல்ட் தொட்டதும் நிறுத்துபவை. அந்த செல் நிறையாமலேயே அந்த வோல்டேஜைத் தொட்டுவிடுகிறது.

கேள்வி: அப்பாவுக்கு பிபி பார்க்கும் மிஷினில் ரீசார்ஜ் செல் போட்டால், சார்ஜ் ஏற்றிய மறுநாளே பேட்டரி அடையாளம் காலியாகக் காட்டுகிறது. செல் ஏமாற்றுதா?
– வாசகி, திருச்செங்கோடு

பதில்: செல் நன்றாகவே இருக்கலாம். நான்கு அல்கலைன் செல் தொடக்கத்தில் 6 வோல்ட். நான்கு ரீசார்ஜ் செல் 4.8 வோல்ட்டில் நீண்ட நேரம் நிலையாக நின்று, கடைசியில் சட்டென்று விழும். மிஷினின் அடையாளம் அல்கலைனுக்கு அளவிட்டது. 4.8-ஐப் பார்த்ததும் பாதி தீர்ந்துவிட்டது என்று நினைக்கும். ஆனால் இது மருத்துவக் கருவி. கையேட்டில் ரீசார்ஜ் செல் போடலாம் என்று இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் அல்கலைனோ, அந்த மிஷினுக்கென்று விற்கும் அடாப்டரோதான். பேட்டரி எச்சரிக்கை எரியும்போது எடுத்த அளவை டாக்டரிடம் காட்டும் நோட்டில் எழுத வேண்டாம்.

கேள்வி: சுவர்க் கடிகாரத்துக்கு ரீசார்ஜ் செல் போடலாமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: ஓடும். ஆனால் லாபமில்லை. கடிகாரம் இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம். சாதாரண கார்பன் செல்லே வருடக்கணக்கில் ஓட்டிவிடும். ரீசார்ஜ் செல்லை வாரம் ஒருமுறையாவது காலியாகும் சாதனத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கார்பன், அல்கலைன் செல் எதையும் ரீசார்ஜ் சார்ஜரில் வைக்கவே கூடாது. உள்ளே வாயு சேர்ந்து கசியும், சில சமயம் வெடிக்கும்.

கேள்வி: தோப்புக்கு ராத்திரி தண்ணி கட்டப் போகத் தலையில் மாட்டும் டார்ச் வாங்கினேன். உள்ளே 18650 செல்லில் 9900 எம்ஏஎச் என்று போட்டிருக்கிறது. இரண்டு மணி நேரம்கூட எரிவதில்லை. இதையும் ரெஃப்ரெஷ் பண்ணலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: லேபிளே பொய். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் உள்ள அந்தக் கூட்டுக்குள் 9900 அடங்காது. பெயர் பெற்ற நிறுவனங்கள் தரும் நல்ல செல்களே பொதுவாக 2500-க்கும் 3600-க்கும் இடையில்தான். சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். உண்மையான செல் 45 கிராமையொட்டி நிற்கும். 30-க்குப் பக்கத்தில் வந்தால் உள்ளே சரக்கு குறைவு. லித்தியம் அளக்கும் ஸ்மார்ட் சார்ஜரில் டெஸ்ட் போட்டால் உண்மை எண்ணே கிடைத்துவிடும்.

லித்தியத்துக்கு ரெஃப்ரெஷும் பிரேக்-இன்னும் கிடையாது. முழுக்க இறக்குவதே அதற்குக் கெடுதல். 3 வோல்ட்டுக்குக் கீழே விடாதீர்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்த செல்லை எழுப்ப முயல வேண்டாம். உள்ளே செம்பு கரைந்து, சார்ஜ் ஏற்றும்போது ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் வாய்ப்பு உண்டு. சார்ஜரில் 4.2 வோல்ட் தேர்வு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். 4.35 என்பது வேறு ரகத்துக்கு. 3.2 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் 3.65-க்கு மேல் போகக் கூடாது. மாதக்கணக்கில் எடுத்து வைப்பதானால் பாதிச் சார்ஜில், 3.7, 3.8 வோல்ட்டில் வையுங்கள். 

பிளஸ் முனையைச் சுற்றியுள்ள மேலுறை கிழிந்திருக்கிறதா என்று உன்னிப்பாகப் பாருங்கள். அந்த செல்லின் உடம்பு முழுவதும் மைனஸ். பிளஸ் மூடியும் மைனஸ் விளிம்பும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. கிழிந்த செல்லைச் சாவிக்கொத்தோடு மடியில் கட்டிக்கொண்டு தோப்புக்குப் போகாதீர்கள்.

கேள்வி: யுஎஸ்பி ஒயர் செருகும் டபுள் ஏ செல் 1.5 வோல்ட் என்று வருகிறதே, அதை இதே சார்ஜரில் போடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: போடாதீர்கள். அதற்குள் இருப்பது 3.7 வோல்ட் லித்தியமும், அதை 1.5-க்கு இறக்கும் சின்ன சர்க்யூட்டும். நிக்கல் சார்ஜர் அதற்குள் கரண்ட் திணித்தால் சர்க்யூட் போகும், அதைவிட மோசமாகவும் ஆகலாம். அதன் ஒயரில் மட்டும் சார்ஜ் போடுங்கள். நிக்கல் செல்லோடு கலந்தும் ஒரே சாதனத்தில் போட வேண்டாம்.

கேள்வி: ரிமோட்டுக்குள் செல் முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகி, தாராபுரம்

பதில்: தேய்த்தால் தகட்டின் முலாம் போய் அடுத்த மழைக்காலத்தில் துரு பிடிக்கும். அந்த வெள்ளைப்பொடி, உள்ளிருந்து கசிந்த காரம் காற்றோடு சேர்ந்து உறைந்தது. காரத்துக்குப் புளிப்புதான் மாற்று. காது குடையும் பஞ்சுக் குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்துப் பிழிந்து தொடுங்கள். மெல்ல நுரைத்துக் கரையும். பிறகு துளி தண்ணீர் நனைத்த குச்சியால் இரண்டு முறை துடைத்து, ஒரு நாள் நிழலில் காய விடுங்கள். புளிப்பு மிச்சமிருந்தால் அதுவும் தகட்டை அரிக்கும். கையில் பட்டால் உடனே கழுவுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். கசிந்த செல் எந்த எண் காட்டினாலும் திரும்பப் போட வேண்டாம்.

கேள்வி: ஒதுக்கின செல்லை என்ன செய்வது? குப்பை வண்டியில் போட்டுவிடலாமா?
– வாசகர், சத்தியமங்கலம்

பதில்: செல்லின் மேலுறையில் குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் இருக்கும். வீட்டுக் குப்பையோடு போடக்கூடாது என்பதற்கான அடையாளம் அது. மத்திய அரசின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், 2022, இந்தச் சின்ன செல்களுக்கும் பொருந்தும். திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கும் இறக்குமதி செய்பவருக்கும் உண்டு. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சேர்த்து வையுங்கள். லித்தியம் செல்லின் இரு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். நிக்கல் செல்லுக்கு ஒரு முனையில் ஒட்டினால் போதும். டப்பா நிறைந்ததும் உங்கள் நகராட்சியின் மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ, பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனத்திலோ கொடுங்கள். பழைய இரும்புக் கடைக்கு லித்தியம் செல்லைப் போட வேண்டாம். அங்கே சுத்தியலால் தட்டிப் பிரிப்பவர் கையில்தான் அது வெடிக்கும்.